லாப்டாப்புக்கும் ஒரு பாகப்பிரிவினை

போன இதழில் பரண் ஒழிப்பதைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கோயிலுக்குப் போனாலும் காய்கறிக் கடைக்குப் போனாலும், "என்ன, உங்க வீட்டுப் பரண் ஒழிச்சாச்சா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒழித்தாயிற்று, சகோதரிகளே! இரண்டு பித்தளைக் குடம், மூன்று பழைய கொசுவலை, என் மாமியார் காலத்து முறுக்கு உரல் ஒன்று. அதோடு விட்டது என்று கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் ராஜபாளையத்திலிருந்து தங்கையின் போன்.

"அக்கா, பரண் ஒழிக்கிறதுக்கு யோசனை சொன்னியே, லாப்டாப் ஒழிக்கிறதுக்கு ஏதாவது தெரியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவள் வீட்டு லாப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு, போய் உலை வைத்து, அரிசி களைந்து போட்டுத் திரும்பி வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டேதான் இருக்குமாம். 'இடம் இல்லை, இடம் இல்லை' என்று திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வேறு. கடையில் கேட்டதற்கு, "ஃபார்மட் பண்ணி, பார்ட்டிஷன் மாத்திப் போட்டுட்டா சரியாயிரும். காலையில் குடுங்க, சாயங்காலம் வாங்கிக்கங்க" என்றார்களாம்.

ஃபார்மட் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "குடுக்காதே. நான் வர்றேன்" என்றேன்.

ஏன் பிசைந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2014-இல் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் முறையாகத்தான் கேட்டார்: "இதுல முக்கியமா ஏதாவது வச்சிருக்கீங்களாம்மா?" நானோ, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்ற அவசரத்தில், "ஒண்ணுமில்லைப்பா" என்றேன். வீட்டுக்கு வந்து, புத்தம் புதிதாய் மின்னிய திரையைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. என் அப்பா அம்மாவின் சதாபிஷேகப் படங்கள்! அந்த வருஷம் எடுத்த படம் ஒன்றைக்கூட நாங்கள் பிரிண்ட் போடவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கே" என்ற தைரியம்தான். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. 'ஒண்ணுமில்லை' என்று சொன்னது நான்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். தங்கை மகள் பிரசவத்துக்கு வந்து இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். பேரனுக்கு ஐந்து மாதம். ஆகவே கையில் பால்கோவா, ஒரு கிலுகிலுப்பை, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அந்த லாப்டாப்புக்கு ஒரு வரலாறு உண்டு. உங்களில் பல பேர் வீட்டிலும் அதன் உடன்பிறப்பு இருக்கும். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது அது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. என் தங்கை மகளுக்கு 2013-இல் கிடைத்தது. அந்தத் தெருவிலேயே முதல் லாப்டாப்! பார்க்க வந்தவர்களுக்குக் காபி கலந்து மாளவில்லை என்று தங்கை சொல்வாள்.

அப்போது வந்த மடிக்கணினிகளில் ஒரு விசேஷம் இருந்தது. இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டிருந்தார்கள். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் வேறொன்றுமில்லை, வீட்டை நடத்துகிற நம்மைப் போல. யாருக்கு எப்போது சாப்பாடு, எந்தச் சாமான் எந்த அலமாரியில், வாசலில் யார் வந்தாலும் விசாரித்து உள்ளே விடுவது — எல்லாம் அதன் பொறுப்பு. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் வெறும் தகர டப்பா. அந்த மடிக்கணினியில் ஒன்று விண்டோஸ் 7. மற்றொன்று பாஸ் லினக்ஸ். சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் நம் நாட்டு மொழிகளுக்காகத் தயாரித்தது. மெஷினைப் போட்டதும், 'எதில் போக வேண்டும்?' என்று ஒரு பட்டியல் வரும். பெரும்பாலான பிள்ளைகள் பழக்கமான விண்டோஸில் போய்விட்டார்கள். இந்த இரண்டு வாசல் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

நான் போனபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்திருந்தான். பாலிடெக்னிக் படிக்கிறான். கெட்டிக்காரன், ஆனால் கை கொஞ்சம் அவசரம்.

"அத்தை, இதுல 2016-ல யாரோ விண்டோஸ் 10 ஏத்தியிருக்காங்க. அதுக்கு கம்பெனிக்காரங்க 2025 அக்டோபர் 14-ஓட இலவசப் பாதுகாப்பை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11 இந்தப் பழைய மெஷின் தாங்காது. லினக்ஸ் போட்டுருவோம். பைசா செலவில்ல. உள்ளே இருக்கறதை எல்லாம் தொடச்சிட்டு..."

"தம்பி, தொடைக்கிறது அப்புறம். மொதல்ல உக்காரு, பால்கோவா சாப்பிடு" என்றேன்.

நோட்டைத் திறந்தேன். கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்ட் போடுகிற மாதிரி, இந்த லாப்டாப்பில் என்னென்ன இருக்கிறது என்று மூவருமாய் உட்கார்ந்து எழுதினோம். எழுத எழுதத்தான் தெரிந்தது. மகளின் கல்லூரிச் சான்றிதழ்களின் நகல். கல்யாண ஆல்பம். பேரன் வயிற்றில் இருந்தபோது எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது அவனுக்குப் போட்ட தடுப்பூசி அட்டையின் படம். தங்கையின் மகளிர் சுயஉதவிக் குழுக் கணக்கு. அவள் ரவிக்கை, நைட்டி தைத்துக் கொடுப்பதன் அளவுப் பட்டியல். யார் யார் எவ்வளவு பாக்கி என்பதும் அதில்தான். "அக்கா, இது போச்சுன்னா எனக்கு வரவேண்டிய பாக்கியும் போச்சு!" என்று அவளே திடுக்கிட்டாள்.

இன்னொன்றும் அகப்பட்டது. 'அம்மா சமையல்' என்று ஒரு ஃபைல். எங்கள் அம்மா சொல்லச் சொல்ல, தங்கை மகள் பிளஸ் டூ லீவில் டைப் அடித்தது. திறந்து பார்த்தோம். தமிழில் அழகாய் இருந்தது. அதையே என் போனுக்கு அனுப்பித் திறந்தால், ஒரே கிறுக்கல்! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய், யாரோ திட்டுகிற மாதிரி.

காரணம் இதுதான். முன்பெல்லாம் தமிழை 'பாமினி', 'வானவில்' போன்ற எழுத்துருக்களில் அடித்தோம். உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்து; மேலே போர்த்தியிருப்பது தமிழ் முகம். அந்த எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில்தான் அது தமிழாகத் தெரியும். விண்டோஸை அழித்தால் எழுத்துருவும் சேர்ந்து போய்விடும். ஃபைல் இருந்தும் வாசிக்க முடியாது. யூனிகோட் என்னும் ஒருங்குறியில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்நாடு அரசும் அதை முறையாக ஏற்றது. ஆகவே உங்களிடம் பழைய தமிழ் ஃபைல்கள் இருந்தால், அவற்றோடு அந்த எழுத்துருவையும் மறக்காமல் நகல் எடுங்கள். ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் அதில் ஒன்று. அரைமணி நேரத்தில் அம்மாவின் புளிக்குழம்பும் உளுந்தங்களியும் மீண்டும் தமிழ் பேச ஆரம்பித்தன.

அடுத்து, பாகப்பிரிவினை.

ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு பெரிய பெட்டி. அதை அப்படியே வைத்துக்கொள்வதும் உண்டு. உள்ளே தடுப்பு வைத்துப் பிரித்துக்கொள்வதும் உண்டு. நம் அஞ்சறைப் பெட்டியில் கடுகு ஒரு கிண்ணம், சீரகம் ஒரு கிண்ணம் என்று வைக்கிறோமே, அதுதான் பார்ட்டிஷன். சி என்று ஒரு கிண்ணத்தில் விண்டோஸ். டி என்று ஒரு கிண்ணத்தில் நம் சாமான். எங்கள் வீட்டு மெஷினில் சி கிண்ணம் விளிம்பு தட்டிவிட்டது. டி பாதி காலி. கிண்ணத்தின் அளவை மாற்றுவதைத்தான் கடையில் பார்ட்டிஷன் மாற்றுவது என்றார்கள்.

தங்கை குழுவின் கணக்கெழுதுகிறவள். ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு தூங்கமாட்டாள். திரையில் தெரிந்ததைப் பார்த்து நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏந்தம்பி, பெட்டியில 320 ஜிபின்னு போட்டிருக்கு. சி 98, டி 150. ரெண்டும் சேர்ந்தா 248 தானே வருது? மிச்சம் எங்கே?"

அவன் சிரித்தான். "அது அப்படித்தான் அத்தை. விக்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுவாங்க. கம்ப்யூட்டர் 1,024 1,024-ஆ எண்ணும். அதனால 320-ன்னு வாங்குறது உள்ளே 298-ஆதான் தெரியும்."

"சரி, 298-னே வச்சுக்க. அப்பவும் 50 இடிக்குதே?"

அவன் தலையைச் சொறிந்தான். டிஸ்க்கின் முழு வரைபடத்தைத் திறந்தான். பத்து ஜிபி, கம்பெனி வைத்த மீட்புப் பகுதி. அதற்குப் பிறகு பெயரில்லாமல், எழுத்தில்லாமல், 40 ஜிபி.

"இது சும்மா கிடக்கற இடம் போலிருக்கு. சேத்துத் தொடச்சிரலாம்."

"சும்மா கிடக்குதுன்னு எப்படிச் சொல்றே?" என்றாள் தங்கை. "பூட்டிக் கிடக்கற ரூமை, உள்ளே பார்க்காம காலின்னு சொல்லுவியா?"

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டு வாசல் ஞாபகம் வந்தது. "ஏம்மா, இதுல முன்னே இன்னொண்ணு இருந்ததே, பாஸ்னு? அது எங்கே?" என்று தங்கை மகளைக் கேட்டேன்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டாள்.

"பெரியம்மா, அது காலேஜ் ரெண்டாம் வருஷத்துலேயே போயிருச்சு. கடையில ஃபார்மட் பண்ணி வாங்கினப்புறம் அந்த லிஸ்ட்டே வரலை. அதுலதான்..." என்று இழுத்தாள். பிறகு மெதுவாய், "அதுலதான் அப்பா பேசினது இருந்துச்சு. வாங்கிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எடுத்தது. நான்தான் பத்திரமா வைக்காம விட்டுட்டேன்" என்றாள்.

தங்கையின் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்தவர். 2021-இல் போய்விட்டார். போட்டோக்கள் இருக்கின்றன, கல்யாணத்தில் எடுத்தது, ரேஷன் கார்டில் ஒட்டியது என்று. ஆனால் குரல் இல்லை. இந்தப் பெண் இத்தனை வருஷம் இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

யாரும் பேசவில்லை. பாலிடெக்னிக் பையன்தான் முதலில் நிமிர்ந்தான். அவன் முகத்தில் அந்த அவசரம் போய்விட்டது.

"அக்கா, விண்டோஸை மறுபடி ஏத்துறப்போ, அது மத்த வாசலை மறைச்சிட்டுத் தன் வாசலை மட்டும் வச்சிக்கும். ரூம் அப்படியேதான் இருக்கும். லினக்ஸ் எழுதற முறை வேற. விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலதான் பேரில்லாம காட்டுது. பார்த்துருவோம்."

அவன் ஒரு பென் டிரைவ் கொண்டுவந்திருந்தான். அதில் லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றி வைத்திருந்தான். இதில் ஒரு சௌகரியம், ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றையும் தொடாமலே, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரை நடத்திப் பார்க்கலாம். வாடகைக்குக் குடிபோகும் முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி. மெஷினை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மறுபடி போட்டான். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. இடது பக்கத்தில் எல்லா அறைகளும் வரிசையாய்த் தெரிந்தன. அந்த நாற்பதும் தெரிந்தது. திறந்தான். உள்ளே வீடியோ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ஒரே ஒரு ஃபைல். 2013.

சொட்டு நேரம் கறுப்பாய் இருந்தது. பிறகு அவர் வந்தார். மில் ஷிப்ட் முடிந்து வந்த அதே சட்டை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ரொம்பக் கிட்டத்தில், "இதுல நான் தெரியறேனா? பேசினா கேக்குமா? என்னத்தைப் பேச? ம்... என் மக கம்ப்யூட்டர் வாங்கிட்டா. நல்லாப் படிக்கணும். சோறு வச்சிட்டாங்களான்னு பாரு, பசிக்குது..." என்றார். பின்னால் தங்கையின் குரல், "வச்சாச்சு, வாங்க" என்றது. அவ்வளவுதான். ஒன்றரை நிமிஷம் இருக்கும்.

தங்கை எழுந்து அடுக்களைக்குப் போனாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் கழித்து வாசற்படியில் நின்றுகொண்டு, "இன்னொரு தரம் போடு தம்பி" என்றாள்.

பேரன் மட்டும் திரையைப் பார்த்துச் சிரித்தான். தாத்தாவின் குரலை அன்றுதான் கேட்டான்.

அதற்குப் பிறகு அன்று எதையும் தொடைக்கவில்லை. வாங்கி வைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். வீடியோவையும் படங்களையும் கணக்கையும் அம்மா சமையலையும் ஒரு பென் டிரைவில் இன்னொரு நகல். நகல் எடுத்ததோடு விடவில்லை. பையன் வீட்டுக் கம்ப்யூட்டரில் செருகி, இங்கொன்று அங்கொன்றாய்த் திறந்து பார்த்தோம். பெயர் மட்டும் இருந்து உள்ளே திறக்காத ஃபைல்கள் உண்டு. ஊறுகாய் ஜாடியை மூடிவைக்கும் முன் ருசி பார்ப்பதில்லையா? அதுபோல.

மறுநாள்தான் வேலை. அன்று காலைப் பேப்பரில் மின்தடை அறிவிப்பு இருக்கிறதா என்று தங்கை பார்த்துவிட்டாள். இது முக்கியம். கிண்ணத்தின் அளவை மாற்றும்போது உள்ளே இருப்பதை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்த வேண்டி வரும். பாதியில் கரண்ட் போனால், பழைய இடத்திலும் இல்லை, புது இடத்திலும் இல்லை என்றாகிவிடும். பழைய மெஷின்களில் பேட்டரி செத்திருக்கும். ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பில் வைத்துச் செய்தோம். மெமரியையும் இரண்டிலிருந்து நான்கு ஜிபியாக்கினான் பையன். லினக்ஸ் மின்ட்டுக்கு இரண்டு போதும் என்றாலும் நான்கு இருந்தால் மூச்சு வாங்காது.

ஆரம்பிக்கும் முன் ஒரு காரியம் செய்தான், நான் மெச்சிக்கொண்டேன். நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது உள்ளே இருக்கவே கூடாது. தப்பா இதையே அழிச்சிட்டவங்க உண்டு" என்றான். ஒருமுறை அடிபட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி பேசினான்.

பழைய மெஷின்களில் பிரிவினைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நேரடிக் கிண்ணங்கள் நான்குக்கு மேல் கூடாது. ஐந்தாவது வேண்டுமானால், நான்கில் ஒன்றைப் பெரிதாக வைத்து அதற்குள் சின்னக் கிண்ணங்கள் வைக்கவேண்டும். புது மெஷின்களில் முறை வேறு. அந்தக் கவலை இல்லை. நாங்கள் மூன்றே கிண்ணங்களாகப் பிரித்தோம். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 40 ஜிபி. மெமரி போதாதபோது எடுத்துக்கொள்ள 'ஸ்வாப்' என்று 4 ஜிபி. மிச்சம் 254 ஜிபி முழுவதும் 'ஹோம்'. படம், பாட்டு, கணக்கு எல்லாம் அங்கே.

இந்த ஹோமைத் தனியாகப் பிரிப்பதுதான் இத்தனைக்கும் சூட்சுமம். நாளைக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டுப்போனால், அந்த 40 ஜிபியை மட்டும் அழித்துப் புதிதாய் ஏற்றினால் போதும். ஹோமுக்கு நேராக 'ஃபார்மட்' என்ற கட்டத்தில் டிக் போடாமல் விட்டால் அது அசையாது. அடுக்களையை இடித்துக் கட்டினாலும் பீரோ இருக்கிற அறைக்குத் தூசி வராத மாதிரி. விண்டோஸிலும் இதே யோசனைதான்: நம் சாமானை சி-யில் குவிக்காமல் டி-யில் வைப்பது. டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி-யில்தான் போய் உட்காருகிறது என்பது பல பேருக்குத் தெரிவதில்லை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கே கெட்டால் கிண்ணம் எல்லாமே போகும். ஆகவே பிரித்துவைத்தாலும் வெளியே நகல் வேண்டும்.

"எல்லாம் புதுசாப் போட்டா, இது அவ வாங்கின லாப்டாப்தானா அக்கா?" என்று தங்கை கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். நான் எங்கள் ஊர் ஆண்டாளைச் சொன்னேன். அவள் கையிலுள்ள கிளியை இலைகளால் தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளி இன்று இல்லை. ஆண்டாள் அதே ஆண்டாள்தானே!

கடைசியில், 'மாற்றங்களை எழுதிவிடலாமா? திரும்பப் பெற முடியாது' என்று ஒரு கேள்வி வந்தது. பையன் மௌஸைத் தங்கையிடம் கொடுத்தான். அவள் நோட்டை எடுத்து ஒருமுறை கூட்டினாள். நாற்பதும் நாலும் இருநூற்று ஐம்பத்து நாலும், 298. இடிக்கவில்லை. அழுத்தினாள்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. வைஃபை வந்தது, கேமரா வந்தது, தமிழ் அடிக்கத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அளவுப் பட்டியலை லிப்ரே ஆபீஸில் திறந்தால் பாக்கிக்காரர்கள் ஒருவர் விடாமல் ஆஜர்! இப்போது உலை வைக்கப் போகும் முன்பே மெஷின் தயாராகிவிடுகிறதாம்.

உங்களுக்காகச் சில குறிப்புகள். கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. லாப்டாப்பைக் கடைக்குக் கொடுக்கும் முன் நோட்டில் லிஸ்ட் போடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தமிழ் எழுத்துருக்கள் என்று வரிசையாகப் பாருங்கள். "ஒண்ணுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

2. முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு பொருள்களில். அதில் ஒன்று வேறு வீட்டில். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அசலைத் தொடுங்கள்.

3. டிஸ்க்கின் மொத்த அளவையும் பாகங்களின் கூட்டலையும் ஒப்பிடுங்கள். இடித்தால், காரணம் தெரியும்வரை எதையும் அழிக்கவேண்டாம்.

4. ஹார்ட் டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் பிரிவினை வேலையே வேண்டாம். முதலில் நகல், பிறகு புது டிஸ்க்.

5. தவறி அழித்துவிட்டால் உடனே மெஷினை நிறுத்துங்கள். மேலோட்டமான ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான். பக்கங்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும். மேலே புதிதாய் எதையும் எழுதாதவரை, சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் மீட்க வாய்ப்புண்டு. என் சதாபிஷேகப் படங்களின் மேல் நாங்கள் ஆசையாய்ச் சினிமாப் பாட்டுகளை ஏற்றிவிட்டோம், அதோடு போயிற்று.

6. இதன் மறுபக்கமும் உண்டு. லாப்டாப்பை விற்கும்போதோ எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதோ, மேலோட்டமாக அழித்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டாம். நம் குடும்பப் படங்கள் அடுத்தவர் கையில் மீண்டும் எழுந்துவரலாம். முழுமையாக அழித்துத் தரச் சொல்லி, கூடவே நில்லுங்கள்.

7. விண்டோஸ் 10-இலேயே இருப்பவர்களுக்கு: தனியே பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு. அதையே முதல் தேதியாய் வைத்துக்கொண்டு நகல் வேலையை ஆரம்பியுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். மூன்றாவது பிரதி இருக்க வேண்டிய 'வேறு வீடு' எங்கள் வீடுதான். நகைப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "ராஜபாளையத்திலிருந்து என்ன கொண்டுவந்தே?" என்றார். "ஒன்றரை நிமிஷம்" என்றேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, முழுக் கதையும் கேட்டார்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இதுபோல ஒரு பழைய லாப்டாப் தூங்கிக்கொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துத் திறந்து பாருங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த இதழில், பல் முளைக்கும் குழந்தையை இரவில் சமாளிப்பது எப்படி என்று எழுதுகிறேன். பேரனுக்கு ஆரம்பித்துவிட்டது!